மேலிருந்து பார்ப்பதும் நடந்து பார்ப்பதும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு தாண்டித் தெற்கே வரும் சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்கு ஏறுகிறது. இன்னொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்குப் போகிறது. ஊட்டிக்குச் செல்லும் தமிழர்களுக்கு இது வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும் ஊர். ஓணத்துக்குப் பூ வாங்க வரும் மலையாளிகளுக்குச் செண்டுமல்லி வயல்கள் நிறைந்த ஊர். இங்கேயே வாழ்பவர்களுக்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கேழ்வரகும் கொள்ளும் மஞ்சளும் விளைவித்து, ஏரி நிறையுமா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்க்கும் ஊர்.

ஊருக்கு அருகில் ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா இருக்கிறது. 1,454 மீட்டர் உயரம். கோயிலுக்குப் போகிறவர்கள் மலைமேல் நின்று சற்று நேரம் கீழே பார்க்காமல் திரும்புவதில்லை. ஒரு பக்கம் கட்டம் கட்டமாக வயல்கள். மறுபக்கம் புலிகள் காப்பகத்தின் காடு. வயல் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்பது கீழே நடக்கும்போது புலப்படாது. மேலே நின்றால் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். தொலையுணர்வு என்று நாம் சொல்வதன் தொடக்கம் இந்த அனுபவம்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குத் தொலை நுண்ணுணர்வு என்று பெயர்.

2019 பிப்ரவரியின் பிற்பகுதியில் இந்தக் காடு எரிந்தது. பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயை அடித்த வனக் காவலர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தங்கள் முன்னால் இருந்த நெருப்பு மட்டுமே தெரிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின. எரிந்தது எவ்வளவு என்பதில் கணக்குகள் முரண்பட்டுக்கொண்டிருந்தபோது, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னது: நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல். காடு குண்டலுபேட்டையின் வாசலில் இருந்தது. அதன் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள்.

அவர்கள் அங்கே இருந்ததில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் செய்தது நல்ல பணி. ஆனால் இந்தத் தாலுகாவிலிருந்து இயற்பியலும் தாவரவியலும் நிலவியலும் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் படத்தைத் தாமே எடுத்துப் பார்த்து, அது சரியா என்று சொல்லும் தகுதி இருந்தது? இந்தியாவில் தொலையுணர்வு வளர்ந்த வரலாறு பெருமைப்படத் தக்கது. அது பல்கலைக்கழக அறிவியல் வகுப்புக்குள் வந்த வரலாறு அப்படிச் சொல்லத் தக்கதாக இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாம் தீவிரமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை 1794-இல் தொடங்குகிறது. சென்னையில் வானாய்வகம் அமைவதற்குக் காரணமாக இருந்த மைக்கேல் டாப்பிங், அந்த ஆண்டு கோட்டையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். எட்டு மாணவர்கள். அனாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துக் கணக்கும் வானியலும் நில அளவையும் கற்பித்தார்கள். அடுத்த ஐந்தாண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் நாட்டை அளக்கும் பொறுப்பு காலின் மெக்கன்சிக்கு வந்தது. எல்லை, ஊர், ஏரி, பாதை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போன அந்த மைசூர் சர்வேயில், சென்னைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் உதவியாளர்களாக நடந்தார்கள். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, நாடு முழுவதையும் முக்கோணங்களால் பிணைக்கும் பெரும் அளவையைத் தொடங்கினார். உயரமான இடத்தில் கருவியை நிறுத்தித் தொலைவில் இருப்பதை அளப்பது அன்றே இந்த மண்ணில் நடந்த வேலைதான்.

அந்த அளவையின் துல்லியம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் அது யாருக்காக நடந்தது என்பதையும் மறக்க முடியாது. கற்பித்தது கிழக்கிந்தியக் கும்பினி, கற்றவர்கள் அளந்து கொடுத்ததும் கும்பினிக்கு. எந்த ஏரிக்கு எந்த ஓடை வரும், எந்த மேட்டில் கொள்ளு விளையும் என்று தலைமுறையாக அறிந்திருந்த ஊர்க் கணக்கர்களான ஷானுபோகரும் கர்ணமும் அந்த அளவையில் தகவல் சொல்பவர்களாக நின்றார்கள். வரைபடத்தைப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. நிலத்தை அறிந்தவர் ஒருவர், நிலத்தின் படத்தை அறிந்தவர் இன்னொருவர் என்ற பிரிவு அப்போதே விழுந்துவிட்டது.

டாப்பிங்கின் பள்ளி பிறகு பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. அந்தக் கிண்டி வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக, 1982-இல் தொலையுணர்வு மையம் அமைந்தது. எட்டுச் சிறுவர்களின் பள்ளிக்கும் அந்த மையத்துக்கும் இடையே 188 ஆண்டுகள். நில அளவையைப் பாடமாக்கிய இடமே செயற்கைக்கோள் படத்தையும் பாடமாக்கியது. ஒரு கல்வி மரபு இவ்வளவு நீளமாகத் தொடர்வது நம் நாட்டில் அரிது.

அந்த 1982-க்கு முன் நடந்தவையும் நினைவுகூரத் தக்கவை. 1957-இல் நேரு நெதர்லாந்து சென்றபோது, வான்படங்களைப் படிக்கப் பயிற்சி தரும் ஐடிசி நிறுவனத்தைப் பார்த்தார். அதன் விளைவாக 1966-இல் டேராடூனில் இந்தியப் படவிளக்க நிறுவனம் தோன்றியது. இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் அதுதான். அக்காலத்தில், 1969-70 வாக்கில், கொல்லங்கோட்டில் பிறந்த அறிவியலாளர் பி. ஆர். பிஷாரடி கேரளத்தில் ஒரு சோதனை செய்தார். காயங்குளம் பகுதியில் தென்னைக்கு வேர் வாடல் நோய் பரவியிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நோயுற்ற மரங்களை அந்தப் படங்கள் வேறுபடுத்திக் காட்டின. இந்தியத் தொலையுணர்வின் முதல் பாடம் தென்னந்தோப்பில் நடந்தது என்பதை ஒவ்வொரு தாவரவியல் மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஈவ்லின் புரூயிட் என்ற புவியியலாளர் 1950-களின் இறுதியில்தான் 'தொலையுணர்வு' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லையே வழக்குக்குக் கொண்டுவந்தார். 1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் விண்ணேறியது. 1979-இல் நாம் பாஸ்கரா-1 செலுத்தினோம். 1988 மார்ச் 17 அன்று ஐஆர்எஸ்-1ஏ பைக்கனூரிலிருந்து கிளம்பியது. 36 மீட்டர் அளவுள்ள நிலத்துண்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் கண் அதற்கு. 1995-இல் வந்த ஐஆர்எஸ்-1சி அதை ஆறு மீட்டருக்கும் கீழே கொண்டுவந்தது. அன்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இருந்த செயற்கைக்கோள்களில் உலகிலேயே கூர்மையான கண்களில் அதுவும் ஒன்று. சொல் பிறந்து நாற்பது ஆண்டுக்குள் நாம் முன்வரிசையில் நின்றோம்.

வகுப்பறை இந்த வேகத்தில் நடக்கவில்லை. டேராடூனில் பயின்றவர்களில் பெரும்பாலோர் வனத்துறை, நிலவியல் துறை, மண்ணளவைத் துறை ஆகியவை அனுப்பிய அலுவலர்கள். 1976-இல் மும்பை ஐஐடியிலும், பிறகு கிண்டியிலும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் மையங்கள் எழுந்தன. நல்ல ஆசிரியர்கள், நல்ல ஆய்வுகள். ஆனாலும் அவை பெரும்பாலும் முதுநிலைக்கு உரியவையாக, பொறியியலும் நிலவியலும் புவியியலும் படித்தவர்கள் நுழையும் தனி அறைகளாக இருந்தன. இளநிலை இயற்பியல் மாணவர் நிறமாலை படித்தார். தாவரவியல் மாணவர் இலையின் குறுக்குவெட்டு வரைந்தார். கணித மாணவர் அணிகள் படித்தார். மூவரும் ஒரே படத்தின் மூன்று துண்டுகளைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்கு அன்று நியாயமான காரணங்கள் இருந்தன. வான்படங்கள் பாதுகாப்புக் காரணத்தால் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் வான்படத்தைப் பெறுவது எளிதல்ல. செயற்கைக்கோள் படத்துக்கு விலை உண்டு. 2008 வரை ஒரு லேண்ட்சாட் படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதைத் திறந்து பார்க்கும் கணினியும் மென்பொருளும் தாலுகாக் கல்லூரியின் கைக்கு எட்டாதவை.

இன்று அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. 2007-இல் டேராடூன் நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைவழிப் பாடம் நடத்தத் தொடங்கியது. 2008-இல் லேண்ட்சாட் படக் களஞ்சியம் முழுவதும் இலவசமானது. 2009-இல் இஸ்ரோவின் புவன் தளம் வந்தது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகிறது. அதற்கும் காசு இல்லை. க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் வரைபடம் தொடர்பான பல கட்டுப்பாடுகளை மத்திய அரசே தளர்த்தியது. இனி எஞ்சியிருப்பது பாடத்திட்டத்தின் தயக்கம் ஒன்றுதான்.

அந்தத் தயக்கத்தைப் போக்க ஓர் இலை போதும் என்று நாம் நம்புகிறோம். பச்சை இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இலைக்குள் நுழைந்து, பஞ்சுத் திசுவின் செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவே சிதறி, ஏறத்தாழப் பாதி அளவு வெளியே திரும்பிவிடுகிறது. இலை வாடினால் அந்த உள்ளமைப்பு குலையும், பச்சையம் குறையும், இரண்டு ஒளிகளின் அளவும் மாறும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணைக் கொண்டு ஒரு நாட்டின் பயிர் நிலையையே சொல்கிறார்கள். கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தவிர அதில் கணக்கு எதுவும் இல்லை. இயற்பியலும் தாவரவியலும் ஒரே இலையில் சந்திக்கும் இந்த இடத்தைப் பார்த்த மாணவர் இரண்டு பாடங்களையும் முன்புபோல் தனித்தனியாக நினைக்க மாட்டார். பிஷாரடியின் படச்சுருள் தென்னந்தோப்பில் கண்டதும் இந்த மாற்றத்தைத்தான்.

இந்த இலைப் பாடத்தைக் குண்டலுபேட்டையில் நடத்தினால் அது இன்னும் ஆழமாகும். பந்திப்பூர்க் காட்டின் பெரும்பகுதி கோடையில் இலை உதிர்க்கும் காடு. அதன் அடியில் உண்ணிச்செடி புதர் புதராகப் பரவிக் கிடக்கிறது. அழகுச் செடியாக அயல்நாட்டிலிருந்து வந்து, புல்லை நெருக்கி, காய்ந்தால் தீக்கு விறகாகி நிற்கும் செடி. அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று வானிலிருந்து காண வேண்டுமானால் எந்த மாதத்துப் படத்தை எடுப்பது? மழைக்காலப் படத்தில் மரங்களின் தழை மேலே மூடியிருக்கும். அடியில் இருக்கும் புதர் தெரியாது. மரங்கள் இலை உதிர்த்து, உண்ணிச்செடி இன்னும் முழுதாக வாடாத சில வாரங்களே அதைக் காட்டும். அந்த வாரங்கள் எவை என்பதைக் கணினி தானாகச் சொல்லாது. காட்டுக்குள் தேனும் கிழங்கும் தேடி வளர்ந்த ஜேனுக் குறும்பருக்கும் சோளகருக்கும் அது தெரியும். மாடு மேய்த்து வளர்ந்த மாணவருக்கும் ஓரளவு தெரியும். படம் எடுக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதே ஓர் அறிவியல் முடிவு, அந்த முடிவுக்கு உள்ளூர் அறிவு அடித்தளம் என்பதை மாணவர் இங்கே தம் கண்ணாலேயே உணர்வார்.

நிலத்தடி நீரும் அப்படித்தான். இந்தப் பகுதி கடினப் பாறை நாடு. பாறையில் விரிசல் ஓடும் இடத்தில் தண்ணீர் நிற்கும். இல்லாத இடத்தில் எத்தனை அடி துளையிட்டாலும் புழுதிதான் வரும். அந்த விரிசல்கள் பல மைல் நீளக் கோடுகளாகச் செயற்கைக்கோள் படத்தில் தெரிவதுண்டு. அவற்றைக் கொண்டு குடிநீர்த் திட்டத்துக்காக நாடு தழுவிய நிலத்தடி நீர் வரைபடங்களை மத்திய அரசு உருவாக்கியது. ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடனை அடைக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, அந்த வரைபடம் எப்படி உண்டாயிற்று, அதில் எவ்வளவு நம்பலாம், எங்கே தவறும் என்று கல்லூரியில் கற்றால், அந்தக் கல்வி அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

தவறும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். இத்துறையில் இருப்பவர்கள் களச் சரிபார்ப்பு என்று ஒன்றைச் சொல்வார்கள். படத்தில் காடு என்று வகைப்படுத்திய இடத்துக்கு நடந்து போய், அது காடுதானா, கைவிட்ட தோட்டமா, வாழைத் தோப்பா என்று பார்த்து, எத்தனை இடத்தில் பிழை என்று அட்டவணை போடுவது. மாணவர் பெறும் பயிற்சியில் இதுவே நெஞ்சம் என்று நாம் கருதுகிறோம். மென்பொருளின் பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் வண்ண வண்ணமாக வரைபடம் வந்துவிடும். நடந்து பார்க்காதவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். நடந்து பார்த்தவர் அதில் எத்தனை விழுக்காடு உண்மை என்று சொல்வார். பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டியது இரண்டாமவரை.

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் விதிகளை 2012-இல் திருத்தியபோது, செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகக் கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். மரத்தடியில் இருக்கும் சிறு விளைநிலமும், பாறை இடுக்கில் இருக்கும் தெய்வமும், மூதாதையர் புதைந்த இடமும் படத்தில் தெரிவதில்லை என்பதால்தான் அந்த வரி தேவைப்பட்டது. இதே சாமராஜநகர் மாவட்டத்தின் பிளிகிரிரங்கன் மலையில், சோளகர் பெரியோர் ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு காட்டுக்குள் நடந்து தங்கள் புனித இடங்களை ஜிபிஎஸ் கருவியால் குறித்து வரைபடம் ஆக்கினார்கள். 1800-இல் தகவல் சொல்பவராக நின்றவர் இங்கே வரைபடம் ஆக்குபவராக நின்றார். இந்த மாற்றத்தைப் பாடமாகப் படிக்காத தொலையுணர்வுக் கல்வி அரைக்கல்விதான்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். புதிதாக ஒரு முழுப் பாடத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைப் பயிற்சியோடு இலையின் எதிரொளிப்பை அளக்கலாம். புள்ளியியல் வகுப்பில் கற்பனைத் தரவுகளுக்குப் பதிலாகத் தாலுகாவின் படப்புள்ளிகளை வகைப்படுத்தலாம். தாவரவியல் களப்பயணத்துக்கு அந்த இடத்தின் படத்தை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றாம் ஆண்டில் மூன்று துறை மாணவர்களும் சேர்ந்து ஓர் ஏரியின் முப்பது ஆண்டு வரலாற்றை லேண்ட்சாட் படங்களிலிருந்து எழுதலாம். முப்பது ஆண்டுப் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆசிரியர்கள் எங்கே என்பார்கள். இது உண்மையான கேள்வி. படிக்காததைக் கற்பிக்கச் சொல்வது ஆசிரியருக்கு அநீதி. மைசூரில் 1916-இல் பிறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியரைப் பயிற்றுவிக்கவே 1963-இல் தோன்றிய மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பெங்களூரில் மாநிலத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையமாக இருந்து தனிப் பல்கலைக்கழகமான சாமராஜநகரும் பக்கத்தில் இருக்கிறது. இவை கூடி, கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு மூன்று வாரம் பயிற்சி தந்தால் ஐந்தாண்டில் நிலைமை மாறும். முதுமலையும் வயநாடும் பந்திப்பூரும் செயற்கைக்கோளின் ஒரே படத்துக்குள் விழுகின்றன. மூன்று மாநிலக் கல்லூரிகளும் அந்த ஒரே படத்தை வைத்துத் தத்தம் பக்கத்தைச் சரிபார்த்துக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டால், பாடத்தோடு நட்பும் வளரும். தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதற்கான எளிய நூல்கள் எழுத வேண்டும். அந்த வேலை நம் எழுத்தாளர்களையும் சேர்ந்தது.

ஒரு பிப்ரவரிக் காலை. அரசு முதல்நிலைக் கல்லூரியின் இளநிலை மாணவர்கள் இருபது பேர், முந்தைய வாரத்துச் சென்டினல் படத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து அரசுப் பேருந்தில் கோபாலசுவாமி பெட்டா ஏறுகிறார்கள். அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாக்கிக் காட்டும் அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும் துண்டு எது என்று கீழே தேடுகிறார்கள். ஒருத்தி அது தன் ஊர் மஞ்சள் தோட்டம் என்கிறாள். இன்னொருவன் இல்லை, இந்த மாதம் மஞ்சள் காய்ந்திருக்கும், அது வாழை என்கிறான். மறுநாள் இருவரும் அங்கே நடந்து போய்ப் பார்த்து வருகிறார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்புகிறது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. சட்டத் தடை இல்லை. காடும் வயலும் மலையும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. 1794-இல் எட்டுச் சிறுவர்களுக்குக் கற்பித்தது தொலைவிலிருந்து வந்த ஓர் அரசு, தன் தேவைக்காக. இந்த இருபது பேருக்கு நாம் கற்பிப்பது அவர்கள் தம் மண்ணைத் தாமே படித்து, தம் ஊருக்கு எடுத்துச் சொல்வதற்காக. அடுத்த முறை காடு எரியும்போது ஹைதராபாத்திலிருந்து வரும் எண்ணை அவர்கள் மரியாதையோடு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு சாம்பல் ஆறியதும் நடந்து போய், அந்த எண் சரியா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.